நாலு ஓட்டை

"என்னாங்க, காபி ஆறிப் பூடுச்சி. ரெண்டு தடவை சுட வெச்சிட்டேன். இன்னும் அதுக்குள்ள தலைய உட்டுகினு என்னா பண்றீங்க?"

சாவித்திரியின் குரல் வாசலுக்கு வந்தது. அவள் புருஷன் வேணுகோபாலின் தலை மட்டும் வெளியே வரவில்லை. அது அம்பாசிடர் காரின் பானெட்டுக்குள் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துடைப்பத்திலிருந்து உருவிய ஓர் ஈர்க்கை இஞ்சினின் இடது பக்கத்து ஓட்டை ஒன்றில் விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு ஓட்டை, சாவித்திரி."

"இருக்கட்டும். காபி ஒண்ணுதான்."

"நாலும் காலியா கெடக்குது. உன் தங்கச்சி புருஷன் வண்டியில அதே எடத்துல, அதே நாலு ஓட்டையில, பச்சையா ஒரு பார்ட்டு மாட்டியிருக்குது. என் கண்ணால பாத்தேன்."

சாவித்திரி அந்தக் காபியைத் தானே எடுத்துக் குடித்துவிட்டாள். தங்கச்சி புருஷன் என்ற பேச்சு எடுத்தால் அன்றைக்குக் காபியை மறந்துவிட வேண்டியதுதான் என்பது அவளுக்குப் பதினைந்து வருஷத்துப் பழக்கம்.

வேணுகோபாலும் இராஜமாணிக்கமும் சகலைகள். அக்காளை இவர் கட்டினார், தங்கை கிருஷ்ணம்மாளை அவர் கட்டினார். இருவருக்கும் ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரம். இவர் பன்னிரண்டு தறி வைத்தால் அவர் பதின்மூன்று வைப்பார். அவர் வாசலுக்கு மொசைக் போட்டால் இவர் மாட்டுக்கொட்டகைக்கும் சேர்த்துப் போடுவார். போன தை மாதம் மெட்ராசில் ஒரு கம்பெனி தன் பழைய கார்களை ஏலம் விட்டபோது, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் பஸ் ஏறிப்போய், ஏலக்கூடத்தில் எதிரும் புதிருமாக நின்றார்கள். ஆளுக்கு ஒரு வண்டி கிடைத்தது. ஒரே வருஷம், ஒரே வெள்ளை நிறம். நம்பர்கூட அடுத்தடுத்த நம்பர்தான். ஆனால் சகலையின் நம்பர் ஒன்று கூடுதல். அந்த ஒன்றே வேணுகோபாலின் ஒரு மாதத் தூக்கத்தைத் தின்றது.

அப்படிப்பட்ட மனிதர் பச்சைப் பார்ட்டைப் பார்த்தால் என்ன ஆவார்?

முந்தின நாள் ஆயுத பூஜை. மாமனார் தங்கவேலு வீட்டு வாசலில் இரண்டு வண்டியையும் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். சகலை வண்டிக்குள் வேணுகோபால் ஒரு நொடி எட்டிப் பார்த்தார். அரைப்படி அளவில், உருண்டையாக, பளபளவென்று பச்சைப் பெயிண்ட் அடித்து, நாலு போல்ட் போட்டு, குங்குமப் பொட்டும் வைத்து, சாமியைப் போல உட்கார்ந்திருந்தது அது. இன்னும் கொஞ்சம் குனிவதற்குள் இராஜமாணிக்கம் ஓடி வந்து, "வெயில் படக்கூடாது சகல" என்று சொல்லிப் பானெட்டை டப்பென்று மூடிவிட்டார்.

"அது என்னா சகல?" என்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் தன் வண்டியில் அது இல்லை என்று ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும். நாக்கு உள்ளே போய்விட்டது.

இது வெறும் வயிற்றெரிச்சல் விவகாரமாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் தணிந்திருக்கும். மாமனாரின் ஒரே மகன் பழனிக்கு ஐப்பசிக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு யார் வண்டி என்பது இன்னும் முடிவாகவில்லை. மூத்த மருமகன் வண்டிதான் போக வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது வேணுகோபாலின் கட்சி. தங்கவேலு பிடி கொடுக்கவில்லை.

"ரெண்டும் ஒரே வண்டிதான மாப்பிள்ள? எது போனா என்னா? தீவாளி முடியட்டும், ரெண்டுலயும் ஏறிப் பாத்துட்டு சொல்றேன்" என்று விட்டார்.

ஒரே வண்டி! ஒரே வண்டி இல்லை என்பது இப்போது வேணுகோபாலுக்குத் தெரிந்துவிட்டது. மாமனாருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?

வேறு தொழில் செய்கிறவராக இருந்தால், ஓட்டைதானே, போகட்டும் என்று விட்டிருப்பார். வேணுகோபால் விடமாட்டார். அவர் சாப்பிடுகிற சோறே ஓட்டை போட்ட சோறு. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் ஏறி இறங்குகிற அட்டைகளில் ஆயிரக்கணக்கான ஓட்டைகள் இருக்கும். ஒவ்வோர் ஓட்டையும் ஓர் இழையைத் தூக்குகிற ஓட்டை. ஒன்று அடைந்து போனால் முந்தானை மயிலுக்கு மூக்கு வராது. ஒருமுறை மூன்று ஓட்டை தவறி, ஒற்றைக்கால் அன்னம் ஒன்று மெட்ராஸ் வரை போய்த் திரும்பி வந்தது. வேலையில்லாத ஓட்டை என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதை அவரால் கனவில்கூட நம்ப முடியாது.

"தருமா! இங்க வா."

டிரைவர் தருமன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பெரணமல்லூர்ப் பக்கத்து ஆள், நாற்பது வயது. நல்ல டிரைவர்தான். பங்குனியில் மட்டும் ஒரு சின்னத் தகராறு. வேலூர்க் கடைக்காரர் ஒருவர், காரில் வந்த புடவையை மூக்கருகே கொண்டுபோய், "முந்தியில மயிலு இருக்குது, வாசனையில கருவாடு இருக்குதே மொதலாளி?" என்று கேட்டுக் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார். வேணுகோபால் அன்று ஆடிய ஆட்டத்தில் தெருவே கூடியது. இனிமேல் வண்டிக்குள் சோறு குழம்பு வைப்பதில்லை என்று படவேட்டம்மன் மேல் தருமனிடம் சத்தியம் வாங்கிய பிறகுதான் அடங்கினார். அதிலிருந்து தருமன் ஆறிப்போன சோற்றை மரத்தடியில் உட்கார்ந்து தின்கிறார். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

"இது என்னா?"

"இஞ்சினுங்க."

"அது எனக்குத் தெரியாதா? இந்த நாலு ஓட்டையைக் கேக்கறேன்."

தருமன் ஓட்டையைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுத் தென்னை மரத்தைப் பார்த்தார். "அதுங்களா... கம்பெனியிலயே உட்டதுங்க."

"எதுக்கு உட்டான்?"

"காத்து போவங்க."

"இஞ்சினுக்கு எதுக்குடா காத்து?"

"நமக்கே வேண்டியிருக்குதேங்க."

வேணுகோபால் ஈர்க்கை எறிந்துவிட்டுச் சுண்டுவிரலை விட்டுத் துழாவினார். பிறகு பக்கத்தில் இருந்த வேறொரு காலி ஓட்டையில் விரல் விட்டார். அதில் ஒரே துரு. இந்த நாலில் துரு இல்லை. உள்ளே போல்ட் திருகுகிற மரை பளிச்சென்று இருந்தது.

"தருமா, இதுல ஏதோ மாட்டியிருந்திருக்குது! யாரோ கழட்டியிருக்காங்க!"

தருமனின் தோள் துண்டு கீழே விழுந்தது. "நான் போயி தண்ணி புடிச்சிகினு வரேங்க" என்று கிணற்றடிக்கு விரைந்தார். வாளி வண்டியின் பக்கத்திலேயே இருந்தது.

வேணுகோபாலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏலத்தில் வாங்கிய அன்று தன் வண்டியிலும் அது இருந்திருக்கிறது. சகலை தருமனைக் கையில் போட்டுக்கொண்டு கழற்றிக்கொண்டு போய்விட்டார். இல்லாவிட்டால் அந்தத் துண்டு ஏன் விழுகிறது?

மறுநாள் காலையில் வண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த காத்தவராயன் ஷெட்டில் நின்றது. காத்தவராயன் வாயிலிருந்த பீடியை எடுக்காமலே பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல மொதலாளி. ஒரே அச்சுல வார்த்து, இந்த வண்டிக்கு, அந்த வண்டிக்கு, வேனுக்குன்னு எல்லாத்துக்கும் சேத்து ஓட்டை போட்டுடுவான். நமக்கு வேண்டியதுல மாட்டுவான். மத்தது சும்மா கெடக்கும்."

"சும்மா கெடக்கும்னா? ஓட்டை எப்படிய்யா சும்மா கெடக்கும்?"

"பேஜாரு பண்ணாதீங்க. இதோ பாருங்க, இங்க ரெண்டு சும்மா கெடக்குது. கீழ மூணு. அந்தப் பக்கம் ஒண்ணு."

சமாதானம் சொல்லத்தான் காத்தவராயன் காட்டினார். நாலு ஓட்டையோடு வந்த வேணுகோபால் பத்து ஓட்டையோடு நின்றார்.

"சரி, இந்த நாலு மட்டும் ஏன் துரு புடிக்கல?"

காத்தவராயன் குனிந்து பார்த்தார். பீடியை எடுத்தார். "இதுல யாரோ எதையோ மாட்டிக் கழட்டிகீறாங்க."

"யாரு?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"என் சகலை வண்டி இங்க வருதா?"

"அவரு வேலூர்ல இல்ல உடறாரு? நீங்க இங்க வரீங்கன்னுதான்."

அன்று மத்தியானம் சாவித்திரி தங்கை வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். தீபாவளிப் பலகாரத்துக்கு முறுக்கு அச்சு கேட்கிற சாக்கு. வீட்டில் மூன்று முறுக்கு அச்சு இருந்தது. அவள் திரும்பி வருவதற்குள் வேணுகோபால் தெருமுனைக்கும் வாசலுக்கும் ஏழு நடை நடந்திருந்தார்.

"கேட்டியா?"

"கேட்டேன். அது இருந்தாத்தான் வண்டிக்கு மதிப்பாம்."

"பேரு?"

"பேரு அவளுக்கும் தெரியல. பெரிய எடத்து வண்டியில பாத்தாராம். பாத்ததுல இருந்து தூக்கம் இல்லாம, அது மாட்டுன அப்புறம்தான் ஒழுங்கா சாப்புடறாராம். யாருகிட்டயும் மூச்சு உடக்கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு."

"அப்புறம் உன்கிட்ட எப்படிச் சொன்னா?"

"நானும் மூச்சு உட மாட்டேன்னு சத்தியம் பண்ணேன்."

பெரிய இடம்! கலெக்டர் வண்டியா? மந்திரி வண்டியா? கலெக்டர் வண்டியில் இருப்பது சகலை வண்டியிலும் இருக்கிறது, தன் வண்டியில் நாலு ஓட்டை இருக்கிறது. அன்று இரவு அவர் சாப்பிட்ட இட்லி நாலு. நாலா என்று பார்த்துவிட்டு ஐந்தாவதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பேர் தெரியாத பொருளை எப்படித் தேடுவது? படம் போட்டுத்தான். புடவை டிசைன் போடுகிற கட்டம் போட்ட தாள் வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தது. ஆயுத பூஜையன்று ஒரு நொடி பார்த்ததை ஒன்றரை நாள் உட்கார்ந்து கட்டம் கட்டமாக வரைந்தார். பச்சைக் கட்டம் நூற்றறுபது. போல்டுக்குக் கறுப்பு. குங்குமப் பொட்டுக்குக்கூட ஒரு சிவப்புக் கட்டம் போட மறக்கவில்லை. தாளைச் சுருட்டிக்கொண்டு மெட்ராசுக்குப் பஸ் ஏறினார். காரில் போனால் சகலைக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

பழைய கார் சாமான் கடைக்காரர் தாளை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார்.

"நல்லா இருக்குது சார். எந்தப் பொடவைக்கு?"

"பொடவை இல்லய்யா. இஞ்சின்ல இடது பக்கம் மாட்டறது. நாலு ஓட்டை."

"பேரு?"

"பேரு சொல்ல மாட்டாங்க. பெரிய எடத்து வண்டியில வரும்."

கடைக்காரர் ஒரு நிமிஷம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எந்த ஊர், என்ன தொழில் என்று கேட்டுக்கொண்டார். பிறகு இரும்புக் குவியலுக்குள் இறங்கி, தூசியைத் தட்டி, பலாப்பழம் போல ஒன்றைத் தூக்கி வந்து வைத்தார். அதற்கு நாலு ஓட்டை இருந்தது. வேறு எந்தப் பொருத்தமும் இல்லை.

"இதுதானா?"

"நாலு ஓட்டை கேட்டீங்க. எண்ணிக்கோங்க சார்."

எண்ணினார். நாலு இருந்தது. சகலையுடையதைவிட இது இரண்டு மடங்கு பெரிது என்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதைக் கோணிப்பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, நாலு மணி நேரம் தொடை மரத்துப்போக ஊர் வந்து சேர்ந்தார்.

காத்தவராயன் அதைத் தொடவே மறுத்துவிட்டார். "இது ஏதோ மாவு மிசின் சாமான் மாரி கீது. காருக்கு மாட்டுனா பாவம் வரும் மொதலாளி."

அதனால் வேணுகோபாலே ஸ்பேனர் எடுத்தார். அதைத் தாங்கிப் பிடிக்கிற வேலை தருமனுக்கு.

"வேணாம் மொதலாளி. அந்த ஓட்டை அவ்ளோ கனம் தாங்காதுங்க."

"எவ்ளோ கனம் தாங்கும்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

தருமன் பார்ட்டை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

போல்ட் ஒரு விரற்கடை நீளம் அதிகம். உள்ளே போகாமல் அடம் பிடித்தது. வேணுகோபாலுக்குச் சகலையின் முகம் நினைவுக்கு வந்தது. ஸ்பேனர் கைப்பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது. கோயில் மணி போல் இனிமையாகத்தான் இருந்தது. பிறகு ஓட்டைக்குக் கீழே இருந்து கறுப்பாக ஒரு சொட்டு எண்ணெய் எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் இன்னொரு சொட்டு.

"பரவால்ல. சோப்பு கொண்டா."

சோப்பை அப்பினார்கள். சோப்பு உருகியது. அதன்மேல் தறிக்கூடத்திலிருந்து கழிவுப் பட்டு நூலைக் கொண்டுவந்து பந்தாக உருட்டித் திணித்தார்கள். பட்டு நூல் எண்ணெயைக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது என்று சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே வேணுகோபால் பச்சைப் பெயிண்ட் அடித்து, குங்குமமும் வைத்தார்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை, அங்கவஸ்திரம். முதலில் மூத்த மருமகன் வண்டியில் முன் ஸீட்டில் ஏறினார். தருமன் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார். செய்யார் ரோட்டில் ஒரு மைல் நன்றாகத்தான் போனது.

"மாமா, சத்தம் எப்படி இருக்குது பாருங்க. பெரிய எடத்து வண்டியில மட்டும் வர்ற பார்ட்டு ஒண்ணு புதுசா மாட்டியிருக்கேன். சகலைகிட்ட இருக்கறதைவிடப் பெரிசு."

"என்னா மாப்பிள்ள, தீயற வாசனை வருதே?"

"புது பார்ட்டு இல்ல மாமா? மொதல்ல அப்படித்தான் இருக்கும்."

அடுத்த நிமிஷம் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய் குடித்த பட்டு நூல் சூட்டில் கருகி, வண்டி முழுக்கப் புகை. தருமன் எப்படியோ ஓரம் கட்டினார். மூன்று கதவும் திறந்து மூன்று பேரும் இருமிக்கொண்டே விழுந்தார்கள். தங்கவேலுவின் சட்டையில் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது. அவர் அங்கவஸ்திரத்தால் மூக்கைத் துடைத்தார், அதுவும் கறுப்பானது. ரோட்டோரம் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்.

"அழைப்புக்குச் சின்ன மாப்பிள்ள வண்டியே வரட்டும்."

சகலை வண்டியில் அவர் ஏறிப் பார்க்கக்கூட இல்லை. அதுதான் வேணுகோபாலை அதிகமாகச் சுட்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் ஊர்வலம். முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ் விளக்கு. நடுவில் இராஜமாணிக்கத்தின் வண்டி, சாமந்திப்பூவில் மூழ்கி வந்தது. அதில் மாலையும் கழுத்துமாகப் பழனி. முன் ஸீட்டில் இராஜமாணிக்கம், தானே மாப்பிள்ளை என்பது போல இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டு வந்தார். மூத்த மருமகனுக்கும் மாமனார் ஒரு வேலை கொடுத்திருந்தார். வண்டிக்கு முன்னால் நடந்துகொண்டே, "ஓரம் போங்க, ஓரம் போங்க" என்று கூட்டத்தை விலக்குவது.

வேணுகோபால் விலக்கினார். சகலையின் பானெட்டு முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில் உறுமிக்கொண்டு வந்தது. அதற்குள்ளே தன்னுடைய பொருள், தன்னுடைய நாலு போல்டில் உட்கார்ந்துகொண்டு, தன் மைத்துனனை இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு குழந்தை, "அம்மா, இவரு ஏன் அழுதுகினே ஓரம் போவச் சொல்றாரு?" என்று கேட்டது. பெட்ரோமாக்ஸ் புகை என்று அவரே பதில் சொன்னார்.

ஆள் நடக்கிற வேகத்தில் முக்கால் மணி நேரம் ஊர்ந்ததில் இஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. மண்டபம் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது முதுகுக்குப் பின்னால், 'டமார்!'

நாதஸ்வரம் பாதியில் நின்றது. பானெட்டின் எல்லா இடுக்கிலிருந்தும் ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. பழனி மாலையோடு குதித்து எதிர்க்கடைக்குள் ஓடினான். இரண்டு சம்சாரங்களும் பின்னாலிருந்து ஓடி வந்தார்கள். தருமன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, தோள் துண்டைக் கையில் சுற்றிப் பானெட்டைத் தூக்கினார்.

பச்சைப் பார்ட்டின் மேல்மூடி பிய்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை. கொஞ்சம் வெந்நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னா மாப்பிள்ள இது?" என்றார் தங்கவேலு.

இராஜமாணிக்கம் தொங்கிய மூடியைத் துண்டால் அமுக்கி மூடப் பார்த்தார். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த வேணுகோபால் வாயைத் திறந்தார்.

"நான் சொல்றேன் மாமா! திருட்டுப் பார்ட்டு! என் வண்டியிலேர்ந்து கழட்டுனது! மரை இன்னும் பளபளன்னு இருக்குது, வந்து பாருங்க! சகலைன்னு கூடப் பாக்காம என் வண்டியிலயே கை வெச்சிட்டாரு!"

கூட்டம் 'ஆ' என்றது. கிருஷ்ணம்மாள் அழ ஆரம்பித்தாள். அவள் அழுவதைப் பார்த்துச் சாவித்திரியும் அழுதாள். இராஜமாணிக்கத்தின் முகம் சிவந்தது.

"யாரு திருடன்? நானா? காசு குடுத்து டின்னு கடையில செய்ய வெச்சேன், தெரியுமா? திருடவும் இல்ல, கழட்டவும் இல்ல. பாத்தேன், அவ்ளோதான்!"

"எங்க பாத்தீங்க? எந்தப் பெரிய எடத்துல?"

"உங்க வண்டியிலதான்!"

நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"வண்டி வாங்கின மாசம் உங்க ஊட்டுக்கு வந்தேன் இல்ல? நீங்க குளிச்சிகினு இருந்தீங்க. வாசல்ல பானெட்டு தொறந்து கெடந்தது. எட்டிப் பாத்தா உள்ள பச்சையா, உருண்டையா, நாலு போல்டு போட்டு உக்காந்துகினு இருக்குது. தொட்டேன், விரலு பொத்துப் பூடுச்சி. ஓடியாந்து என் வண்டியைப் பாத்தா, அதே எடத்துல நாலு ஓட்டை. அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் உண்டா? உள்ள என்னா இருக்கும்னு தெரியல, ஒரு சொம்பு தண்ணி ஊத்தி ஈயம் வெச்சி மூடிட்டேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே சகல?"

"கேட்டா என் வண்டியில இல்லன்னு ஒத்துகினா மாரி ஆவும் இல்ல?"

வேணுகோபாலுக்குள் ஏதோ அவிழ்ந்தது. அப்படியானால் அந்தப் பெரிய இடம் தான்தான்! பத்து மாதமாகச் சகலை தன்னைப் பார்த்துத் தூக்கம் கெட்டிருக்கிறார். தன்னிடம் அசல், அவரிடம் நகல். ஒரு மாதமாக எரிந்த வயிற்றில் யாரோ ஒரு குடம் மோரை ஊற்றியது போல இருந்தது. பதினைந்து வருஷத்தில் இப்படி ஒரு சாயங்காலம் அவருக்கு வாய்த்ததில்லை. அங்கவஸ்திரத்தைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு மாமனார் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா மாமா? மொதல்ல எங்கிட்டதான் இருந்திருக்குது. என்னைப் பாத்துதான் எல்லாரும் பண்றாங்க. அப்படிப்பட்ட பார்ட்டு என் வண்டியில இருந்திருக்குது, எனக்கே தெரியல பாருங்க!"

"அது சரி மாப்பிள்ள. அது என்னா பார்ட்டு?"

கூட்டம் முழுக்க வேணுகோபாலைப் பார்த்தது. வேணுகோபால் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டே, பானெட்டைத் தூக்கிப் பிடித்தபடி அதன் பின்னால் ஒளியப் பார்த்த டிரைவரைப் பார்த்தார்.

"தருமா, வண்டியோட பொழங்கறவன் நீதான். பயப்படாத, எல்லாரும் கேக்கறா மாரி சத்தமா சொல்லு. நம்ம வண்டியில அந்த எடத்துல இருந்தது என்னா?"

"படவேட்டம்மா சத்தியமா அதுக்கப்புறம் நான் மாட்டவே இல்லீங்க மொதலாளி, மத்தியானத்துக்குச் சூடா இருக்கட்டுமேன்னுதான் வெச்சேன்... அது என் கருவாட்டுக் கொழம்பு டப்பாங்க!"